கீரையும் கிரியாட்டினினும்

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போகிறவர்கள் அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டு, ஆகாய கங்கையில் நனைந்து, முடவாட்டுக்கால் கிழங்கு சூப் குடித்து, மூலிகையும் கீரையுமாகத் திரும்புகிறார்கள். ‘மலையில் விளைந்தது உடம்பை ஒன்றும் செய்யாது’ என்ற நம்பிக்கையும் கூடவே இறங்கி வருகிறது. நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால், சமைக்கும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

நம்பிக்கை: கிட்னி கெட்டால் கீரையே ஆகாது.
உண்மை: ஆரம்ப நிலையில், ரத்தப் பொட்டாசியம் இயல்பான அளவில் (லிட்டருக்குச் சுமார் 3.5 முதல் 5.0 மில்லிமோல்) இருப்பவர்கள் பெரும்பாலும் கீரையை ஒதுக்க வேண்டியதில்லை. காய்கறியும் கீரையும் உடலில் அமிலம் சேர்வதைக் குறைக்கும். நோய் முற்றி, பொட்டாசியம் வெளியேறாமல் தேங்கும்போதுதான் கட்டுப்பாடு தேவை. அது கூடினால் இதயத் துடிப்பே தடுமாறும். சில ரத்த அழுத்த மாத்திரைகளும் அதை ஏற்றும்.

நம்பிக்கை: எல்லாக் கீரையும் ஒன்றுதான்.
உண்மை: 100 கிராம் பச்சைத் தண்டுக்கீரையில் சுமார் 600 மில்லிகிராம் பொட்டாசியம், முருங்கைக்கீரையில் 300 முதல் 400. வெந்தால் கீரை சுருங்கிவிடும். ஒரு கரண்டி மசியலுக்குள் எத்தனை பிடி இலை போனது என்று தட்டைப் பார்த்தால் தெரியாது.

நம்பிக்கை: வேகவைத்த தண்ணீரில்தான் சத்து, கொட்டக் கூடாது.
உண்மை: மற்றவர்களுக்குச் சரி. பொட்டாசியம் கூடியவர்களுக்கு அந்தத் தண்ணீர்தான் வினை. கீரையைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட வேண்டும். பொட்டாசியத்திலும், சிறுநீரகத்தில் படியக்கூடிய ஆக்சலேட்டிலும் ஒரு பகுதி நீரோடு போய்விடும். கீரை சூப் இவர்களுக்கு வேண்டாம்.

நம்பிக்கை: மூக்கிரட்டைச் சாறு குடித்தால் டயாலிசிஸ் தேவையில்லை.
உண்மை: அப்படி நிரூபிக்கப்படவில்லை. பச்சைச் சாற்றில் வடிப்பதற்கு வழியே இல்லை. இலையின் பொட்டாசியம் மொத்தமும் ஒரே மடக்கில் இறங்கும். ஆக்சலேட் மிகுந்த பசலை வகைக் கீரைகளைச் சாறாகத் தொடர்ந்து குடித்து, சிறுநீரகம் செயலிழந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன.

நம்பிக்கை: மசியலுக்குச் சோடியம் குறைந்த உப்பு பாதுகாப்பானது.
உண்மை: அந்த உப்பில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. உலக சுகாதார நிறுவனம் 2025இல் இவ்வகை உப்பைப் பரிந்துரைத்தபோது, சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்கு அது பொருந்தாது என்று விலக்கியே சொன்னது.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் அளவோடு பொட்டாசியத்தையும் கேளுங்கள். எந்தக் கீரை, எவ்வளவு, வாரத்தில் எத்தனை நாள் என்பதை அந்த எண்ணை வைத்து அவரே சொல்லட்டும்.