'ரன்' என்றால் ஓட்டம் மட்டுமா?

'ரன்' என்றால் 'ஓடு' என்றே சிறுவயதில் கற்றோம். அதை நம்பி, "மை ஃபாதர் ரன்ஸ் எ ஷாப்" என்பதை, "என் தந்தை கடைக்கு ஓடுகிறார்" என்று மொழிபெயர்த்து மதிப்பெண் இழந்தேன். "கடை நடத்துகிறார்" என்பதே சரி.

மூக்கு 'ரன்' ஆனால் ஒழுகுகிறது. துணியின் சாயம் 'ரன்' ஆனால் சாயம் போகிறது. தேர்தலில் 'ரன்' என்றால் போட்டியிடுவது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி இவ்வினைச்சொல்லுக்கு 600-க்கும் மேற்பட்ட பொருள்களைத் தருகிறது!

நம் சங்கரன்கோவில் விசைத்தறியையே பாருங்கள். "தறி ஓடுகிறது" என்பது தன்வினை. "தறியை ஓட்டுகிறார்" என்பது பிறவினை. தமிழில் சொல் மாறுகிறது. ஆங்கிலத்திலோ இரண்டுக்கும் 'ரன்' தான்.

ஆகவே தோழியரே, 'ரன்' வந்தால் உடனே ஓடாதீர்கள்! பின்னால் செயப்படுபொருள் உண்டா என்று நின்று பாருங்கள். அன்று நான் நிற்கவில்லை.