றெக்கையைப் பார்க்காதீர்கள், காலையும் காதையும் பாருங்கள்

திண்டுக்கல் பக்கம் ஒரு வாரச் சந்தையில் இரண்டு செவலைப் பெட்டைகள் வாங்கினேன். ஒரே நிறம், ஏறக்குறைய ஒரே வயது. இரண்டும் அசல் சிறுவிடை என்று சொல்லித்தான் வியாபாரி கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் என் மாமியார் இரண்டையும் கால்களைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். "றெக்கையப் பாத்து வாங்கிட்டியா தாயி? காலப் பாக்கணும், மூஞ்சியப் பாக்கணும். இது ரெண்டும் ஒரு சாதி இல்ல" என்றார்.

இரண்டு மாதத்தில் அவர் சொன்னது தெரிந்துவிட்டது. ஒன்று இளம் சந்தன நிறத்தில் சின்ன முட்டையாகப் பதினான்கு வைத்தது, பிறகு அடைக்கு உட்கார்ந்துவிட்டது. இன்னொன்று நல்ல தவிட்டு நிறத்தில் பெரிய முட்டையாக வைத்துக்கொண்டே போனது. அடையின் நினைப்பே அதற்கு வரவில்லை. முன்னது சிறுவிடை. பின்னதில் முட்டைக்காகவே உருவாக்கிய கோழியின் ரத்தம் கலந்திருந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கோழிகள் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்ப்பதும், எந்த முட்டை யாருடையது என்று நோட்டில் குறிப்பதும் பழக்கமாகிவிட்டது. அதில் கற்றதைச் சொல்கிறேன்.

எங்கே பார்க்க வேண்டும்?

முதலில் காதுமடல். கண்ணுக்குப் பின்னால், காதுத் துளைக்குக் கீழே இருக்கும் சிறு தோல் மடிப்பு. அது பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் முட்டையும் பெரும்பாலும் வெள்ளையாக இருக்கும். ஒயிட் லெக்ஹார்ன் இதற்கு உதாரணம். சிவப்பாக இருந்தால் தவிட்டு நிறமோ சந்தன நிறமோ வரலாம்; ரோட் ஐலண்ட் ரெட் அப்படித்தான். ஆனால் கலப்புக் கோழியில் இந்தக் கணக்கு தவறும். என்னிடம் இருந்த ஒரு பொறிக்கோழிக்குக் காதுமடல் பாதி வெள்ளை, பாதி சிவப்பு. அது வைத்ததோ சந்தன நிற முட்டை.

அடுத்து கொண்டை. மெல்லியதாக, நிமிர்ந்து, ரம்பப் பல் போல இருப்பதைக் கத்திப்பூ என்பார்கள். பல இனங்களுக்கு இது பொது என்பதால் இதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கொண்டை தலையோடு ஒட்டித் தாழ்ந்து, தாடி இல்லாத அளவுக்குச் சுருங்கி, கழுத்து நீண்டு, கால் தடித்திருந்தால் அசில் ரத்தம் இருக்கிறது. அசில் கலந்த பெட்டை குறைவாகத்தான் முட்டை வைக்கும், நிறம் சந்தனம்.

கழுத்தில் இறகில்லாத கிராப்புக் கோழியில் ஒரு நுட்பம் உண்டு. கழுத்தின் முன்பக்கம் ஒரு சிறு இறகுக் குஞ்சம் இருந்தால், அந்தக் குணம் தாய், தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்திருக்கிறது. குஞ்சமே இல்லாமல் மொழுமொழுவென்று இருந்தால் இருவரிடமிருந்தும் வந்திருக்கிறது.

கறுப்பு இறகு இருந்தாலே கடக்நாத் என்று விற்கிறார்கள். ஏமாற வேண்டாம், வாயைத் திறந்து நாக்கைப் பாருங்கள். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதியைச் சேர்ந்த அந்த இனத்துக்குத் தோல், கொண்டை, கால் எல்லாம் கருமை. நாக்கிலும் அது தெரியும். இளஞ்சிவப்பு நாக்கும் வெளிறிய தோலும் இருந்தால் அது வெறும் கறுப்புக் கோழி. கடக்நாத் கறுப்பு முட்டை வைக்கும் என்பதும் பொய். அதன் முட்டை வெளிர் பழுப்புத்தான்.

மஞ்சள் கால் இருந்தால் பண்ணைக் கோழி என்று சிலர் ஒதுக்குகிறார்கள். அதுவும் தப்பு. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் திரியும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்துதான் மஞ்சள் தோல் வீட்டுக் கோழிக்கு வந்தது என்று 2008இல் மரபணு ஆய்வு காட்டியது. மஞ்சள் கால் வேறொரு விஷயத்தையும் சொல்லும். தொடர்ந்து முட்டை வைக்கும் கோழிக்குக் காலின் மஞ்சள் மெல்ல வெளுக்கும், ஏனென்றால் அந்த மஞ்சள் கருவுக்குப் போய்விடுகிறது. முட்டை வைக்கிற பருவத்தில் ஒரு கோழியின் கால் மட்டும் பளபளவென்று மஞ்சளாக இருந்தால் அது அநேகமாக முட்டை வைக்கவில்லை.

நிறம் எப்படி வருகிறது?

ஒரு முட்டை உருவாக ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகிறது. அதில் சுமார் 20 மணி நேரம் ஓடு கட்டுவதற்கே போகிறது. தவிட்டு நிறம் கடைசிச் சில மணி நேரத்தில்தான் மேலே படிகிறது. வைத்த உடனே ஈரத்தோடு எடுத்த தவிட்டு முட்டையைப் பாருங்கள். கோழியின் நகம் கீறிய இடத்தில் வெள்ளைக் கோடு தெரியும். அந்த ஓட்டை உடைத்து உட்புறம் பார்த்தாலும் வெளுப்பாகவே இருக்கும்.

ஓட்டின் நிறம் பரம்பரையில் வருவது; தீவனத்தை மாற்றி வெள்ளை முட்டைக் கோழியைத் தவிட்டு முட்டை வைக்கச் செய்ய முடியாது. கருவின் நிறம்தான் தீனியால் மாறும். கீரையும் மஞ்சள் சோளமும் தின்னும் கோழிக்குக் கரு அடர்ந்திருக்கும். ஓட்டின் நிறத்துக்கும் சத்துக்கும் தொடர்பில்லை. பிறக்கப்போகும் பெட்டைகளின் முட்டை நிறம் தாயோடு சேவலையும் பொறுத்தது. ஆகவே சேவலை வாங்கும்போது அதன் தாய் என்ன முட்டை வைத்தது என்று கேளுங்கள்.

யார் வைத்த முட்டை?

காலையில் பஞ்சாரத்தைத் தூக்குமுன் ஒவ்வொரு பெட்டையையும் பின்புறம் தொட்டுப் பார்ப்பது எங்கள் ஊர்ப் பெண்களின் பழக்கம். முட்டை இருப்பதை மட்டும் திரும்பக் கவிழ்த்து வைத்தால் மாலைக்குள் யார் வைத்தது என்று தெரிந்துவிடும். ஒரு வாரம் இப்படிச் செய்து, முட்டையில் பென்சிலால் குறித்து வைத்தால் போதும். ஒவ்வொரு கோழிக்கும் நிறமும் வடிவமும் அநேகமாக மாறாது. ஒன்று கூர்மை, ஒன்று உருண்டை, ஒன்றில் புள்ளி.

இந்தக் கணக்கு பல வகையில் கைகொடுத்தது. பழக்கமான தவிட்டு முட்டை நான்கு நாள் வராதபோது தேடினேன். வைக்கோற்போருக்கு அடியில் மறைத்து வைத்திருந்தது. இன்னொரு முறை நிறமுள்ள முட்டைகள் திடீரென்று வெளுத்து, ஓடும் மெலிந்தன. கோழியைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனேன். வெள்ளைக்கழிச்சல் நோயிலும் ஓடு இப்படி ஆகும், வெயில் கடுமையிலும் ஆகலாம் என்றார். அதற்குப் பிறகு தடுப்பூசித் தேதியை நான் தவறவிட்டதில்லை.

கடையில் வாங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டுக் கோழி முட்டைகள் ஒரு கூடையில் பல நிறமாக, பல அளவில்தான் சேரும். வெள்ளை முட்டையில் சாயமேற்றி நாட்டுக்கோழி முட்டை என்று விற்பதும் நடக்கிறது. தட்டு முழுக்க ஒரே அளவில், ஒரே பழுப்பில் இருந்தால் எந்த வீட்டுக் கோழி என்று கேளுங்கள்.

கலப்புக் கோழியை நான் குறை சொல்லவில்லை. நிறைய முட்டை வைக்கிற கலப்பும் வேண்டும், பொறுமையாக 21 நாள் அடைகாக்கிற சிறுவிடையும் வேண்டும். தவிட்டு முட்டைக்காரியின் முட்டைகளைச் சிறுவிடையின் அடியில் வைத்துத்தான் எங்கள் வீட்டுக் கோழிகள் பெருகின. பெரிய முட்டை என்பதால் பன்னிரண்டுக்குப் பதில் எட்டு மட்டும் வைப்பேன். யார் எது என்று தெரிந்ததால்தான் இதைச் செய்ய முடிந்தது.

இன்று சாயங்காலம் கோழி அடைக்கும்போது ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பாருங்கள். குறைவாக முட்டை வைக்கிறது என்பதற்காக நல்ல அடைக்கோழியை மட்டும் விற்றுவிடாதீர்கள்.