பெயரும் இடமும்

ஓர் ஊரில் முருகன் என்னும் பெயருடையார் பலர் இருத்தல் கூடும். ‘முருகனை அழைத்து வா’ என்றால் ஏவலாள் திகைப்பான். ‘மேலத்தெரு முருகனை அழைத்து வா’ என்றால் திகைப்பு ஒழியும். பெயரோடு இடத்தையும் சேர்த்துக் கூறுதல் தெளிவு தரும். கணிப்பொறிக்கு நிரல் எழுதுவார்க்கும் இந்நெறி பொருந்தும்.

பைத்தான் என்பது 1991-ஆம் ஆண்டில் வெளிவந்த நிரல்மொழி. அதனை ஆக்கியவர் நெதர்லாந்து நாட்டினராகிய கைடோ வான் ராசம் என்பார். அறிவியலார் பலர் அம்மொழியைக் கையாளுகின்றனர். வர்க்கமூலம், சைன், மடக்கை முதலிய கணிதச் சார்புகள் அதில் ‘மேத்’ என்னும் தொகுதியில் அடங்கியுள்ளன. கலப்பெண்களுக்கு உரியவை ‘சீமேத்’ என்னும் தொகுதியில் உள்ளன. வேண்டுவனவற்றை நிரலின் தொடக்கத்தில் வரவழைத்தல் வேண்டும். இதனை ‘இம்போர்ட்’ என்பர்.

வரவழைக்கும் முறைகள் மூன்று. தொகுதியை வரவழைத்து, அதன் பெயரை ஒவ்வொரு சார்பின் முன்னும் சேர்த்து எழுதுதல் முதலாவது. வேண்டும் சார்புகளை மட்டும் பெயர் சொல்லி வரவழைத்தல் இரண்டாவது. உடுக்குறியிட்டு அனைத்தையும் ஒருங்கே வரவழைத்தல் மூன்றாவது.

மூன்றாம் முறை எளிதாகத் தோன்றும். ஆயினும் இடர் விளைக்கும். எலக்ட்ரானின் மின்னூட்ட அளவை இயற்பியலார் ‘ஈ’ என்னும் ஆங்கில எழுத்தால் குறிப்பர். அது 1.602 × 10⁻¹⁹ கூலூம் ஆகும். மாணவன் ஒருவன் மேத் தொகுதி முழுவதையும் வரவழைத்துவிட்டு, இம்மதிப்பைத் தன் நிரலில் எழுத மறந்தான் என்க. பிற முறைகளில், ‘இப்பெயரை அறியேன்’ எனக் கணிப்பொறி நின்றிருக்கும். இங்கோ நிற்காது, மேத் தொகுதியிலும் ‘ஈ’ உண்டு. அஃது இயற்கை மடக்கையின் அடியாகிய 2.718. அதனைக் கொண்டு கணக்கு முடியும், விடையும் வரும், அவ்விடை பொய்யாகும். பிழை கண்டு நிற்கும் நிரலினும் பிழையோடு ஓடும் நிரலே கொடியது.

வர்க்கமூலம் இரு தொகுதிகளிலும் உண்டு. -1-இன் வர்க்கமூலம் கேட்டால் மேத் மறுக்கும். சீமேத் கற்பனை எண்ணைத் தரும். இரண்டையும் உடுக்குறியால் வரவழைப்பின், பின்னர் வந்ததே நிலைக்கும். வரிகளின் வரிசை மாறினால் விளைவும் மாறும்.

ஆதலின், முதல் முறையையே பெரிதும் கொள்க. நீண்ட வாய்பாட்டில் தொகுதிப் பெயர் பன்முறை வந்து கண்ணை மறைப்பின், இரண்டாம் முறையைக் கொள்க. மொழியோடு வருவன, பிறர் ஆக்கியன, தாம் ஆக்கியன என மூவகையாகப் பிரித்து, அவற்றை நிரலின் தலையில் நிரல்பட எழுதுக. நாளை அதனைப் படிப்பவர், எச்சார்பு எங்கிருந்து வந்தது என ஒரு நோக்கில் உணர்வர். அங்ஙனம் உணர்ந்தாலன்றி விடையின் மெய்ம்மையைச் சோதித்தல் அரிது.

பயிற்சி

1. உடுக்குறியால் வரவழைத்தல் இடர் விளைப்பது ஏன்?
2. இரண்டாம் முறை எப்போது ஏற்றது?