போய்ப் பார்த்துவிட்டுச் சேருங்கள்

வேதபகுதி: எண்ணாகமம் 13-ம் அதிகாரம்



பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் எங்கள் வீட்டுக் கதவு ஓயாமல் தட்டப்படும். "பாஸ்டர், பிள்ளைக்கு இந்தக் காலேஜில இடம் கிடைச்சிருக்கு, ஜெபம் பண்ணி அனுப்புங்க" என்பார்கள். முன்பெல்லாம் உடனே தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்பிவிடுவேன். இப்போது முதலில் ஒரு கேள்வி கேட்கிறேன். "அங்கே ஒரு தடவை போய்ப் பார்த்தீங்களா?" பலரும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள்.

இந்தக் கேள்வியை நான் ஒரு வேதனையில்தான் கற்றுக்கொண்டேன். 2011-ல் நடந்தது. தையல் மெஷினை நம்பிக் குடும்பம் நடத்திய ஒரு விதவைச் சகோதரி, ஒரே மகள். நர்சிங் படிக்க வேண்டும் என்று பிள்ளைக்கு ஆசை. ஒரு ஏஜென்ட் வந்தார். வெளிமாநிலத்தில் காலேஜ், ஹாஸ்டல், சாப்பாடு, எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். கலர் நோட்டீஸில் நாலு மாடிக் கட்டடம். நகையை அடகு வைத்துப் பணம் கட்டினார்கள். நானும் ஜெபித்து ரயில் ஏற்றிவிட்டேன்.

போய்ப் பார்த்தால் நாலு மாடியில் ஒரு மாடிதான் காலேஜ், அதுவும் வாடகை. பயிற்சிக்குப் போக ஆஸ்பத்திரி இல்லை. அங்கீகாரமும் இல்லை. திரும்பி வருகிறேன் என்றால், மீதி வருஷங்களின் பணத்தையும் கட்டினால்தான் ஒரிஜினல் சர்டிபிகேட் தருவோம் என்றார்கள். நகை மூழ்கிப்போனது. பிள்ளைக்கு இரண்டு வருஷம் வீண். அந்தத் தாய் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாய் வலித்தது. நான் ஜெபித்தேன், ஆனால் விசாரிக்கவில்லை.

எண்ணாகமம் 13-ஐக் கவனித்துப் பாருங்கள். கானான் தேசம் ஏற்கெனவே வாக்குத்தத்தம் பண்ணப்பட்ட தேசம். அப்படியிருந்தும் பன்னிரண்டு பேர் அனுப்பப்படுகிறார்கள். சும்மா போய் வரச் சொல்லவில்லை. நிலம் எப்படி, ஜனங்கள் எப்படி, பட்டணங்கள் எப்படி என்று மோசே கேள்விகளைக் கொடுத்து அனுப்புகிறார். கனிகளையும் கொண்டுவரச் சொல்கிறார். நாற்பது நாள் சுற்றிப் பார்த்தார்கள். ஆகவே விசாரிப்பது அவிசுவாசம் அல்ல. அது பெற்றோரின் கடமை. நாமும் நான்கு காரியங்களை விசாரிப்போம்.

1. நிலம் நல்லதா? அதாவது அங்கீகாரம் உண்டா? இன்ஜினியரிங் என்றால் ஏ.ஐ.சி.டி.இ. அனுமதியும் அண்ணா பல்கலைக்கழக இணைப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். கலை அறிவியல் கல்லூரி என்றால் எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது என்று கேளுங்கள். நர்சிங் என்றால் நர்சிங் கவுன்சில் அங்கீகாரமும், பயிற்சி ஆஸ்பத்திரியும் முக்கியம். கல்லூரிக்கு மட்டுமல்ல, பிள்ளை சேரப்போகிற அந்தக் கோர்ஸுக்கும் அங்கீகாரம் இருக்க வேண்டும். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை யு.ஜி.சி.யே வெளியிடுகிறது. வீட்டில் போன் வைத்திருக்கிற பிள்ளை பத்து நிமிஷத்தில் பார்த்துவிடலாம். இன்னொன்று: ஒரிஜினல் சர்டிபிகேட்டைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக்கூடாது என்று யு.ஜி.சி. 2018-ல் அறிவித்திருக்கிறது. தைரியமாய்க் கேளுங்கள்.

2. செலவு எவ்வளவு? கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பான் என்று நம் ஆண்டவர் உவமையாய்ச் சொன்னாரே! முதல் வருஷக் கட்டணத்தை மட்டும் கேட்டு ஏமாறாதிருங்கள். எல்லா வருஷத்துக்கும், பஸ், ஹாஸ்டல், மெஸ், பரீட்சைக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஒரு தாளில் எழுதுங்கள். கட்டுகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் தொழிற்கல்வியில் கல்விக்கட்டணச் சலுகை உண்டு. ஆனால் கவுன்சிலிங் மூலம் வாங்கின இடத்துக்குத்தான் அது பொருந்தும். மேனேஜ்மெண்ட் கோட்டாவுக்கு இல்லை. இது தெரியாமல் ஏஜென்டிடம் பணத்தைக் கொடுத்து, கிடைக்கவேண்டிய சலுகையையும் இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்ஜினியரிங் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2021-ல் வந்தது. உங்கள் பிள்ளை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் இதை விட்டுவிடாதீர்கள்.

3. ஜனங்கள் எப்படி? பில்டிங்கைப் பார்த்து மயங்கவேண்டாம். கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நில்லுங்கள். இரண்டாம் வருஷப் பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுங்கள். "வாத்தியார் வகுப்புக்கு வர்றாரா? லேபில மெஷினை உங்க கையால ஓட்டுறீங்களா? லைப்ரரி புஸ்தகத்தை வீட்டுக்குத் தர்றாங்களா?" ஆபீசில் கிடைக்காத பதில் டீக்கடையில் கிடைக்கும்.

4. கனி எங்கே? எஸ்கோலிலிருந்து ஒரு திராட்சக்குலையை இரண்டு பேர் தடியில் கட்டித் தூக்கி வந்தார்கள். காலேஜின் கனி நோட்டீஸில் போட்ட போட்டோ அல்ல. மூன்று வருஷத்துக்கு முன் அங்கே படித்து முடித்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள்? அப்படி இரண்டு பேரையாவது தேடிப் பிடித்துப் பேசுங்கள்.

பெற்றோரே, இதையும் தாழ்மையாய்ச் சொல்லுகிறேன். பிள்ளைக்கு எது வரும் என்று பிள்ளையிடமே கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பையன் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தான் என்பதற்காக, கணக்கென்றால் நடுங்குகிற பிள்ளையை அதிலே தள்ளாதிருங்கள். கவுன்சிலிங்கில் விருப்பப் பட்டியலைக் கொடுக்கும்போது வரிசை மிக முக்கியம். உண்மையில் எது வேண்டுமோ அதை முதலில் போடுங்கள். பிரவுசிங் சென்டர்காரர் கையில் அதை விட்டுவிடாதீர்கள்.

இப்போது வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. பன்னிரண்டு பேரும் பார்த்தது ஒரே தேசம். பத்து பேர் தங்களையே வெட்டுக்கிளிகளாக நினைத்துப் பயந்தார்கள். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டுக் காலேஜ் வகுப்பில் உட்காரும்போது உனக்கும் அப்படித்தான் இருக்கும். எனக்கும் அப்படி இருந்தது. வேதாகமக் கல்லூரியில் முதல் மாதம் இங்கிலீஷ் நோட்ஸ் ஒரு வரி புரியாமல் பாத்ரூமில் நின்று அழுதவன் நான். தினம் பத்து வார்த்தை எழுதிப் படித்தேன். வகுப்பு முடிந்ததும் ஆசிரியரின் பின்னாலேயே போய்க் கேட்டேன். இரண்டாம் வருஷம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

தானியேலும் அவன் தோழர்களும் அந்நிய தேசத்தில், அந்நிய பாஷையை மூன்று வருஷம் கற்றார்கள். உன் பட்டப்படிப்பும் ஏறக்குறைய அதே காலம்தான். ஆகையால் முதல் செமஸ்டரிலேயே அரியர் விழாமல் பார்த்துக்கொள். ஒரு அரியர் மற்றொன்றை இழுத்துக்கொண்டு வரும். முன் பெஞ்சில் உட்கார். லைப்ரரி கார்டு சும்மா கிடக்க விடாதே. நம் வாத்தியார் நடத்துவது புரியவில்லையா? ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்கள் என்.பி.டி.இ.எல்.-லில் இலவசமாய் இருக்கின்றன. ரீல்ஸ் பார்க்கிற அதே போனில் அதையும் பார்க்கலாமே! ஒரு நல்ல ஆசிரியருக்கு உன் பெயர் தெரியும்படி நடந்துகொள். நாளைக்கு உனக்காகப் பேசப்போகிறவர் அவர்தான்.

அந்தத் தையல்காரச் சகோதரியின் மகள் என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். இரண்டு வருஷம் கழித்து, பக்கத்து அரசுக் கல்லூரியில் பி.காம். சேர்ந்தாள். தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கப்படவில்லை. நோட்டீஸ் அடிக்காத, பெயிண்ட் உதிர்ந்த கல்லூரி. ஆனால் பாடம் நடத்த ஆசிரியர்கள் இருந்தார்கள், படிக்க இவள் இருந்தாள். இன்று ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை செய்கிறாள். அடகில் போன நகைக்குப் பதிலாகத் தன் தாய்க்கு ஒரு சங்கிலி வாங்கிக் கொடுத்தாள். ஒவ்வொரு மே மாதமும் நம் சபைப் பிள்ளைகளோடு காலேஜ் பார்க்கப் போகிறவள் அவள்தான். நான் கேட்கத் தவறிய கேள்விகளை அவள் கேட்கிறாள்.

குடும்பமாக உட்கார்ந்து செய்யவேண்டியது:
1. மூன்று கல்லூரிகளின் பெயரை எழுதி, மேலே சொன்ன நான்கு கேள்விகளுக்கும் பதில் நிரப்புங்கள்.
2. பதில் தெரியாத இடத்தை ஊகித்து நிரப்பாமல், நேரில் போய்க் கேளுங்கள்.
3. பணம் கட்டுவதற்கு முன் ஒரு இரவு பொறுங்கள். "இன்னைக்கே கட்டணும், இல்லேன்னா சீட் போயிடும்" என்று அவசரப்படுத்துகிற ஏஜென்டை நம்பாதிருங்கள்.

பார்த்து, கேட்டு, கணக்குப் போட்டுவிட்டு வாருங்கள். சேர்ந்து ஜெபிப்போம். கர்த்தர் உங்கள் பிள்ளைகளை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.