முதல் கை கற்ற கையாகட்டும்



சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துத் தாய்மார் அநேகர் காலையிலேயே தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆலைக்கும் போய்விடுகிறார்கள். பிள்ளை அங்கன்வாடியில் இருக்கிறது. 1975-ம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி தொடங்கிய குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் நடக்கும் அந்த இடத்தில் விளையாட்டும் உண்டு, கொதிக்கும் சாம்பாரும் உண்டு. பிள்ளைக்குக் காயம் பட்டால் முதலில் தொடுவது தாயின் கையல்ல, டீச்சரின் கை. ஆகவே அந்தக் கைக்கு முதலுதவி கற்பிப்பது அவசியம். அதே பாடத்தை நீங்களும் படியுங்கள்.

வினா: சூடு பட்டால் முதலில் செய்யவேண்டியது என்ன?
விடை: பட்ட இடத்தில் குளிர்ந்த தண்ணீரை 20 நிமிஷம் விடாமல் ஊற்றவேண்டும். நெருப்பு விலகினாலும் சூடு தோலுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். தண்ணீரே அதைத் தடுக்கும். ஐஸ்கட்டி வைக்கலாகாது. வீங்குமுன் வளையலைக் கழற்றவேண்டும். ஒட்டிய துணியை இழுக்கலாகாது. பிறகு சுத்தமான துணியால் தளர்வாக மூடவேண்டும்.

வினா: மை, பற்பசை, மாவு தடவலாமா?
விடை: கூடாது. மை புண்ணின் நிறத்தை மறைக்கும். டாக்டருக்கு ஆழம் தெரியாது. மற்றவை கிருமியைச் சேர்க்கும்.

வினா: விழுந்து இரத்தம் வந்தால்?
விடை: சுத்தமான துணியால் 10 நிமிஷம் அழுத்திப் பிடிக்கவேண்டும், நடுவே எடுத்துப் பார்க்கலாகாது. வெறும் சிராய்ப்பானால் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவினால் போதும்.

வினா: ஆஸ்பத்திரிக்கு எப்போது?
விடை: சூட்டுப்புண் பிள்ளையின் உள்ளங்கையைவிடப் பெரிதானாலும், முகத்திலோ கையிலோ பட்டாலும் தாமதிக்கலாகாது. பட்டாசு மருந்து கண்ணில் விழுந்தால் தண்ணீரால் கழுவிக்கொண்டே 108-ஐ அழைக்கவேண்டும்.

வினா: டீச்சர் மட்டும் கற்றால் போதுமா?
விடை: போதாது. அவர் தண்ணீர் ஊற்றும் 20 நிமிஷமும் மற்றப் பிள்ளைகளைப் பார்ப்பதும், தாய்க்குச் சொல்லியனுப்புவதும் உதவியாளர் வேலை. இருவரும் கேட்டு மட்டுமல்ல, கையால் செய்தும் பழகவேண்டும்.

தாய்மாரே, நம்மிடமும் ஒரு குறை உண்டு. "பிள்ளையைப் பார்க்காமல் என்ன செய்தாய்?" என்று டீச்சரை ஏசுகிறோம். ஏச்சுக்குப் பயந்தவர் அடுத்த முறை காயத்தை மறைப்பார். "ஒன்றும் தடவவில்லையே" என்று கோபிக்கிறோம். தண்ணீர் மாத்திரம் ஊற்றியவரே சரியாகச் செய்தவர்!

நல்ல சமாரியன் தன் காலம் அறிந்தபடி எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்தான். நம் காலம் தண்ணீரின் குணத்தை அறிந்திருக்கிறது. அவனுடைய அன்போடு இந்த அறிவையும் சேர்ப்போமாக.

இவ்வாரக் கடமை: நம் வறண்ட பூமியில் குழாயில் எப்போதும் தண்ணீர் வராது. உங்கள் அங்கன்வாடியில் மூடிய குடத்தில் சுத்தமான தண்ணீரும், துவைத்துக் காயவைத்த வெள்ளைத் துணியும் இருக்கின்றனவா என்று மரியாதையாய்க் கேளுங்கள். இல்லையென்றால் கொடுத்துவிட்டு வாருங்கள்.