தசை ரப்பர் அன்று

விடியற்காலையில் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குச் செல்லும் தொழிலாளி, வெயில் ஏறுவதற்குள் சில நூறு மரங்களைச் சீவி முடிக்கிறார். கத்தியை அவர் தம் பக்கம் இழுக்கும்போதெல்லாம் மேற்கையின் முன்புறத்தில் ஒரு திரட்சி எழுந்து அடங்குகிறது. நீலாய் வட்டாரத் தோட்டமொன்றில் இதைப் பற்றி நாம் உரையாடியபோது, முதியவர் ஒருவர், "ரப்பர் இழுபட்டுச் சுருங்குகிற மாதிரிதானே ஐயா, சதையும்?" என்று வினவினார். வாழ்நாளெல்லாம் ரப்பரோடு பழகியவர் வேறெப்படிக் கேட்பார்! ஆனால், தசை சுருங்கும் விதம் முற்றிலும் வேறானது.

நம் எலும்புகளை அசைக்கும் தசைகள் அறுநூறுக்கும் மேற்பட்டவை. அவற்றுள் ஒன்றைப் பிரித்துப் பார்த்தால், தாம்புக்கயிற்றைப் பிரித்ததுபோல் இருக்கும். தசைக்குள் கற்றைகள், கற்றைக்குள் தசையிழைகள், ஒவ்வோர் இழைக்குள்ளும் நூற்றுக்கணக்கான நுண்ணிழைகள். நுண்ணிழையோ சார்கோமியர் எனப்படும் சிறு அறைகள் வரிசையாகக் கோக்கப்பட்ட சங்கிலியாகும். ஒரு மில்லிமீட்டர் நீளத்திற்குள் ஏறத்தாழ 400 அறைகள் அடங்கும்! ஒவ்வோர் அறையிலும் ஆக்டின் என்னும் மெல்லிய இழைகளும் மயோசின் என்னும் தடித்த இழைகளும் மாறி மாறி அமைந்துள்ளன.

இப்போது உங்கள் இரு கைவிரல்களையும் ஒன்றுக்குள் ஒன்று பாதியளவு கோத்துப் பிடியுங்கள். பிறகு உள்ளே தள்ளுங்கள். மணிக்கட்டுகள் நெருங்கிவிட்டன, விரல்களின் நீளமோ குறையவில்லை. தசை சுருங்குவதும் இவ்வாறே. இழைகள் குறுகுவதில்லை, ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்கின்றன. 1954ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரோல்ஃப் நீடர்கெர்க்கேயும் ஒருபுறம், ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் மறுபுறம், இதனை ஒரே இதழில் தனித்தனியே வெளியிட்டனர். (ஹக்ஸ்லிகள் இருவரும் உறவினர் அல்லர்.)

இழையை வழுக்கச் செய்வது எது? மூளையின் கட்டளை நரம்பு வழியே வந்தவுடன் தசையிழைக்குள் சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியம் வெளிப்படுகிறது. அது ஆக்டின் இழையிலுள்ள பிடிமான இடங்களைத் திறந்துவிடுகிறது. உடனே மயோசினின் சிறு தலைகள் அவ்விடங்களைப் பற்றி இழுக்கின்றன. விட்டு, மீண்டும் பற்றுகின்றன. கிணற்றுக் கயிற்றைக் கை மாற்றி மாற்றி இழுப்பதுபோல என்று கொள்ளலாம். ஒரு தலை ஒருமுறை இழுக்கும் தொலைவு ஏறத்தாழ மில்லிமீட்டரில் இலட்சத்தில் ஒரு பங்குதான்.

இங்கே ஒரு வியப்பு உண்டு. பற்றிய பிடியை விடுவதற்கும் ஏ.டி.பி. என்னும் எரிபொருள் வேண்டும். உயிர் பிரிந்த சில மணி நேரத்தில் உடல் விறைப்பதற்குக் காரணம், அவ்வெரிபொருள் தீர்ந்து பிடிகள் விடுபடாமற் போவதேயாகும்.

தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. ஆகவேதான் கையை மடக்க முன்புறத் தசையும், நீட்டப் பின்புறத் தசையும் இணையாக உள்ளன.

பால் நிறைந்த வாளிகளைக் காண்டாவில் தொங்கவிட்டு மேட்டிலிருந்து இறங்கும்போது நிகழ்வதைக் கவனியுங்கள். தொடையின் முன்தசை சுருங்க முயன்றுகொண்டே நீட்டப்படுகிறது. பற்றிய பிடிகளை எடை வலிந்து பிரிக்கிறது. சில அறைகள் சிதைகின்றன. மேடு ஏறுவதால் மூச்சு வாங்கலாம்; மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடையை வலிக்கச் செய்வது பெரும்பாலும் இறக்கமே. நீண்ட விடுமுறை கழித்து வேலைக்குத் திரும்புவோர் இதனை நன்கறிவர். அமிலம் தேங்குவதால் அவ்வலி வருகிறது என்று ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் நாமே கற்பித்ததுண்டு. அது தவறு. அவ்வமிலம் ஓரிரண்டு மணி நேரத்திலேயே நீங்கிவிடும். சிதைந்த இழைகளை உடல் செப்பனிட்டு, முன்னிலும் உறுதியாக்குகிறது. ஆகையால் விடுமுறைக்குப் பின் முதல் சில நாட்கள் சுமையைக் குறைத்துப் பலமுறை சுமப்பதே நன்று.

கெண்டைக்கால் திடீரெனப் பிடித்துக்கொண்டால் காலை நீட்டி, பாதத்தின் முன்பகுதியை முழங்கால் பக்கமாக மெல்ல இழுத்துப் பிடியுங்கள்.

கடும் வெயிலில் அளவுக்கு மீறி உழைத்தபின் தசைகள் வீங்கி வலித்து, சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் வெளிப்படுமாயின், வீட்டு வைத்தியம் கூடாது. சிதைந்த தசையின் பொருள்கள் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்குகின்றன என்பதற்கு அஃது அடையாளமாகலாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.