மின்சார விசிறி: அதன் வரலாறும் வாணிபமும்

கோடையின் உக்கிரத்தில் வெளியே சென்று திரும்பி, மின்சார விசிறியின் கீழ் அமர்ந்தவுடன், "அறை குளிர்ந்திருக்கிறது" என்று நாம் சொல்வதுண்டு. இக்கூற்றுப் பௌதிக சாஸ்திரத்துக்குப் பொருந்தாது. ஒருவருமில்லாத அறையொன்றின் கதவுகளை அடைத்து, விசிறியைச் சுழலவிட்டு, உஷ்ணமானி ஒன்றைத் தொங்கவிட்டுப் பார்ப்போமாயின் அதிலுள்ள பாதரசம் இறங்காது; நெடுநேரம் சென்றபின் சிறிது ஏறியுமிருக்கலாம். என்னை? விசிறி உட்கொள்ளும் மின்சக்தி முழுவதும் இறுதியில் உஷ்ணமாகவே அவ்வறையில் தங்குகின்றது. ஆனால் அதே உஷ்ணமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றினால் பாதரசம் விரைந்து இறங்கக் காண்போம். வியர்வை பூத்த நம் உடல் அவ்வீரத்துணியை ஒக்கும். காற்று அசைய அசைய நீர் ஆவியாகி, உடலின் உஷ்ணத்தைத் தன்னுடன் கொண்டுசெல்கின்றது.

ஆகவே விசிறி விற்போர் நமக்கு விற்பது குளிர்ச்சியன்று; அசையும் காற்றேயாம். அக்காற்றை அசைக்க எவ்வளவு மின்சாரம் செலவாகின்றதென்பதே விசிறியின் தகுதியை அளக்கும் கோல். இருந்தும், கடைக்குச் சென்று விசிறி வாங்கும் நம்மில் பெரும்பாலோர் விலையைக் கேட்கின்றோம், நிறத்தைப் பார்க்கின்றோம், இறக்கையைத் தட்டிப் பார்க்கின்றோம். அது எவ்வளவு மின்சாரம் உண்ணும் என்று கேட்பதில்லை. இவ்வழக்கம் எவ்வாறு வந்ததென்பதை அறிய, விசிறி பிறந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

1882-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் நியூயார்க் நகரத்துப் பேர்ள் தெருவில் எடிசன் தம் மின்நிலையத்தைத் தொடங்கினார். அவருக்குக் கீழ்ப் பணிபுரிந்த இளம் பொறியாளருள் ஸ்கைலர் ஸ்காட்ஸ் வீலர் என்பார் ஒருவர். அவர் 1880-களில், சிறு மோட்டாரின் தண்டில் இரண்டு இறக்கைகளைப் பொருத்தி, மேசைமேல் வைக்கத்தக்க விசிறியை அமைத்தார். கிராக்கர் அண்டு கர்ட்டிஸ் கம்பெனியார் அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். அதே பத்தாண்டில் பிலிப் டீல் என்னும் ஜெர்மானியர், சிங்கர் தையல் இயந்திரத்துக்கென ஆக்கிய மோட்டாரைக் கூரையில் தொங்கவிட்டு, அதில் இறக்கைகளைக் கோத்தார். நம் தலைக்குமேல் சுழலும் விசிறிகளுக்கெல்லாம் மூதாதை அதுவே. தையல் இயந்திரத்துக்கும் விசிறிக்கும் உள்ள இவ்வுறவு நம் நாட்டிலும் தொடர்ந்தது ஒரு வியப்பு. 1930-களில் கல்கத்தாவில் எழுந்த ஜே இன்ஜினீயரிங் தொழிற்சாலை, "உஷா" என்ற ஒரே பெயரில் இவ்விரண்டையும் செய்து விற்றது.

புதிய பொருளை மக்கள் தாமே தேடி வந்து வாங்கினரென்று நினைத்தல் தவறு. மின்சாரக் கம்பெனிகள் அக்காலத்தில் விற்றது பெரும்பாலும் வெளிச்சமே. விளக்கு அந்தியில் எரியும், நள்ளிரவில் அணையும். பகல் முழுவதும் கொதிகலனும் டைனமோவும் போதிய வேலையின்றி நிற்கும்; அவற்றுக்கு இட்ட முதலின் வட்டியோ இரவு பகல் பாராது ஏறும். கோடையில் பகல் நீளுவதால் விளக்கின் தேவையும் குறையும். இக்குறையை நிரப்ப, பகலில் ஓடுவதும் கோடையில் வேண்டப்படுவதுமாகிய விசிறியைப்போல் தகுந்த பொருள் வேறில்லை. ஆதலின் விசிறியை விற்பதில், அதைச் செய்தவருக்கிருந்த ஆவலினும் மின்சாரம் விற்றவருக்கிருந்த ஆவல் குறைந்ததன்று. மாதக் கட்டணத்தோடு சேர்த்துத் தவணையாகச் செலுத்தவும் வாடிக்கைக்காரருக்கு வசதி செய்தனர்.

அந்நாளைய விளம்பரங்களைப் பார்ப்போர்க்கு இரு செய்திகள் புலனாகும். ஒன்று, ஒரு மணி நேரம் விசிறி ஓட ஒரு செண்டிலும் குறைவே செலவாகுமென்று அவை வெளிப்படையாகக் கூறின. மின்சாரம் என்றாலே பெருஞ்செலவென்று அஞ்சிய மக்களின் அச்சத்தை முதலில் போக்க வேண்டியிருந்தது. மற்றொன்று, விசிறியைக் கோடைக்குரிய பொருளாக மட்டும் விட்டுவிட வணிகருக்கு மனமில்லை. குளிர்காலத்தில் கணப்பின் வெப்பத்தை அறையெங்கும் பரப்பவும், கடைகளின் கண்ணாடியில் உறைபனி படியாமல் காக்கவும் அதனைப் பயன்படுத்துமாறு தூண்டினர். செயின்ட் லூயி நகரத்து எமர்சன் கம்பெனியாரோ ஐந்தாண்டு உத்தரவாதத்தையே தம் விசிறியின் அடையாளமாக்கிக்கொண்டனர். எளிதில் தேயும் உறுப்புக்களைக் கொண்ட இயந்திரத்துக்கு அக்காலத்தில் அது துணிவான வாக்குறுதிதான். (அந்நாளைய விசிறிகளின் பித்தளைக் கூண்டில் குழந்தையின் கை தாராளமாக நுழையும். அதனை விளம்பரங்கள் பேசவில்லை.)

இனி இயந்திரத்தின் உள்ளே நோக்குவோம். வீலரின் மோட்டார் ஒருதிசை மின்சாரத்தில் ஓடுவது. அதில் சுழலும் சுருளுக்கு மின்சாரத்தை மாற்றிமாற்றிக் கொடுக்கக் கரித்துண்டுகள் உரசிக்கொண்டேயிருக்கும். அவை தேயும், பொறி பறக்கும், சத்தமிடும். 1888-இல் நிக்கோலா டெஸ்லா காப்புரிமை பெற்ற மாறுதிசை மோட்டாரில் இவ்வுரசல் இல்லை. நிலையான சுருள்களில் பாயும் மின்சாரம் ஒரு காந்தப்புலத்தைச் சுழற்ற, அப்புலம் உருளையில் மின்சாரத்தைத் தூண்டி, அதனைத் தன்பின் இழுத்துச் செல்லும். ஆனால் நம் வீடுகளுக்கு வரும் ஒற்றைக் கட்ட மின்சாரத்தால் புலம் சுழலாது; முன்னும் பின்னுமாகத் துடிக்கமட்டும் செய்யும். அத்துடிப்பில் உருளை எத்திசையிற் செல்வதென்றறியாது நிற்கும். ஆகவே இரண்டாவது சுருளொன்றை வைத்து, அதற்குச் செல்லும் மின்சாரத்தைக் கண்டன்சர் வழியே அனுப்பி, முதற் சுருளினின்று காலத்தால் முற்படச் செய்கின்றனர். இரண்டும் கூடிப் புலத்தைச் சுழற்றுகின்றன. பழைய விசிறி மந்தமாகச் சுழலும்போது மின்பணியாளர் சிறிய கண்டன்சரை மாற்றிவிட்டுச் செல்வதன் காரணம் இதுவே.

இம்மோட்டார் எளியது, மலிவானது, பல்லாண்டு உழைப்பது. ஆயினும் சிக்கனமானதன்று. உருளையில் மின்சாரத்தைத் தூண்டுவதற்கே சக்தியில் ஒரு பங்கு செலவாகின்றது. சுருளிலும் இரும்பிலும் இன்னும் ஒரு பங்கு உஷ்ணமாகக் கழிகின்றது. நெடுநேரம் ஓடிய விசிறியின் நடுவுடல் சுடுவதை அதனைத் துடைக்க ஏறியவர் அறிவர்.

இந்தியாவில் இவ்விசிறி புகுந்த வரலாறு பங்காவோடு பிணைந்தது. நீதிமன்றங்களிலும் தேவாலயங்களிலும் துரைமாரின் மாளிகைகளிலும் கூரையிலிருந்து தொங்கிய துணிச்சட்டத்தை, வெளித்தாழ்வாரத்தில் அமர்ந்த ஒருவர் கயிற்றால் இழுத்துக்கொண்டிருப்பார். உள்ளே இருப்போர் காற்று வாங்க, அவர் வெயிலில் வேர்த்திருப்பார். 1899-இல் கல்கத்தாவின் இமாம்பாக் சந்தில் மின்நிலையம் தோன்றியபின் அந்நகரத்துப் பங்காக்கயிறுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. கூலியாளுக்குக் கொடுக்கும் கூலியோடு ஒப்பிட, விசிறியின் மின்செலவு எளிதாகத் தோன்றியது. கூலி மறைந்தபின் ஒப்பிட வேறொன்றில்லாததால் மின்செலவைப் பற்றிய கேள்வியும் மறைந்ததென்றே நாம் கருதுகின்றோம்.

அமெரிக்காவில் இரண்டாம் உலகப்போருக்குப்பின் குளிர்சாதனங்கள் பரவ, கூரைவிசிறி மங்கி, 1970-களின் எண்ணெய் நெருக்கடியில் மீண்டும் தலைகாட்டிற்று. நம் நாட்டில் அது ஒருபோதும் மங்கவில்லை. தமிழ்நாட்டரசு 2011-இல் அம்மி, ஆட்டுக்கல்லின் வேலையைச் செய்யும் இயந்திரங்களோடு விசிறியையும் விலையின்றி வழங்கத் தொடங்கியபோது, அது செல்வரின் பொருளென்ற பேச்சுக்கே இடமில்லாது போயிற்று.

இதற்கிடையே மோட்டாரில் ஒரு திருப்பம் நேர்ந்தது. உருளையில் நிலைக்காந்தங்களைப் பதித்துவிட்டால் அங்கே மின்சாரத்தைத் தூண்டவேண்டிய தேவையில்லை. கரித்துண்டு செய்த வேலையை மின்னணுச் சுற்று ஒன்று உரசலின்றிச் செய்துவிடும். வீலரின் ஒருதிசை மோட்டார், கரித்துண்டைக் களைந்துவிட்டு மீண்டும் கூரைக்கு வந்ததென்னலாம். பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்றோர் 2012-இல் தொடங்கிய ஆட்டம்பெர்க் கம்பெனி இத்தகைய விசிறியை 28 வாட் என்ற எண்ணை முன்வைத்தே விற்றது. வழக்கமான விசிறி உண்பது ஏறத்தாழ 75 வாட். நூறாண்டுக்குப்பின் விசிறி விளம்பரத்தில் மின்செலவு மீண்டும் பேசப்பட்டது.

கணக்கிட்டுப் பார்ப்போம். வித்தியாசம் 47 வாட். நாளொன்றுக்கு 12 மணியாக 300 நாள் ஓடினால் 169 யூனிட். மூன்று விசிறியுள்ள வீட்டில் ஆண்டுக்கு 500 யூனிட்டுக்கு மேல். மெதுவாக ஓடவிட்டால் மிச்சமாகுமே என்பர் சிலர். பழைய பெட்டிபோன்ற ரெகுலேட்டரில், விசிறிக்குச் செல்லாத மின்சாரத்தில் ஒரு பகுதி அப்பெட்டியையே சூடாக்கிக் கழிந்தது; மின்னணு ரெகுலேட்டருக்கே அக்கூற்று நன்கு பொருந்தும்.

இவ்வளவிருந்தும் பழைய மோட்டார் ஏன் இன்னும் விலைபோகின்றது? புதியதன் விலை கூடுதல் என்பது ஒரு விடை. அதனினும் வலிய விடை வேறு: பல இடங்களில் விசிறியை வாங்குபவர் வீட்டுக்காரர், மின்கட்டணம் செலுத்துபவர் குடியிருப்பவர். வாங்குபவருக்கு மிச்சமில்லாத இடத்தில் வாட் எண்ணை யார் கேட்பார்? இந்நிலையை மாற்றவே கூரைவிசிறிகளுக்கு நட்சத்திரக் குறியீடு 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. நிமிஷத்துக்கு இத்தனை கனமீட்டர் காற்று என்பதை வாட்டால் வகுத்து வரும் எண்ணே அதற்கு அடிப்படை. 210 கனமீட்டர் தரும் விசிறி 75 வாட் உண்டால் அவ்வெண் 2.8, 28 வாட் உண்டால் 7.5.

இதனை மாணவர் தம் வீட்டிலேயே சோதிக்கலாம். மற்றெல்லா மின்பொருள்களையும் நிறுத்திவிட்டு, ஒரு விசிறியைமட்டும் முழுவேகத்தில் ஓடவிட்டு, மீட்டரில் சிமிட்டும் சிறு செவ்விளக்கைக் கவனிக்க. யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டு என்பது மீட்டரின் முகத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். அது 3200 ஆயின், ஐந்து நிமிஷத்தில் பழைய விசிறிக்கு இருபது சிமிட்டும், புதியதற்கு ஏழோ எட்டோ எண்ணலாம்.